ஆன்லைன் கேம் செய்ய எவ்வளவு நாள் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு சின்ன கேம் குழுவில் சர்வர் (ஆட்டக்காரர்களின் போன்களை இணைக்கும் மையக் கணினி) வேலையும் சோதனை வேலையும் பார்க்கிறேன். என்ன வேலை என்று தெரிந்ததும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட இதைத்தான் கேட்கிறார்: "ஒரு கேம் செய்ய எத்தனை நாள் ஆகும் தம்பி?" ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு எங்கள் குழு செய்துகொண்டிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தை அவ்வப்போது இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எவ்வளவு காலம்?

சரி, என் கைக்கணக்கு இது. இரண்டு பேர் மாறி மாறிக் காய் நகர்த்தும் ஆட்டம் என்றால், மூன்று நான்கு பேர் முழு நேரம் உட்கார்ந்து 5 முதல் 8 மாதம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓடிப் பிடித்துச் சுட்டுக்கொள்ளும் மொபைல் கேம் என்றால் ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம். ஆளும் இருபதுக்குக் குறையாமல் வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் உலவும் பெரிய கேமை நான்கு வருடத்துக்குள் முடிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இதில் சோதனைக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்பார்கள். சமையலில் உப்புப் பார்க்கும் நேரம் எவ்வளவு என்று கேட்பது மாதிரிதான். முதல் வாரத்தில் தொடங்கிக் கடைசி நாள் வரை நடக்கும். ஆனாலும் புதிதாக எதையும் சேர்க்காமல், இருப்பதைப் பார்த்துத் திருத்துவதற்கென்றே மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்வேன். ஒதுக்காதவர்கள் அதே காலத்தை வெளியிட்ட பிறகு செலவழிக்கிறார்கள், ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படித்துக்கொண்டே.

ஆடுபுலி ஆட்டத்தை நான் ஒரு சனி, ஞாயிறில் எழுதிவிட்டேன். உங்களுக்கு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

எழுதியிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. பலகையில் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டினால் வெட்டு. புலிகள் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. விதிகளை எழுத எங்களுக்கும் நான்கு நாள்தான் ஆனது. ஒரே போனை இருவர் கைமாற்றி ஆடுவதானால் கதை அதோடு முடிந்தது.

இப்போது ஒருவர் திண்டுக்கல்லில் இருக்கிறார், இன்னொருவர் ஊட்டி போகும் பேருந்தில். புலிக்காரர் தோற்கப்போகிறார், இரண்டு புலிகள் ஏற்கெனவே மாட்டிக்கொண்டன. என்ன செய்வார்? நெட்டை அணைப்பார். எங்கள் முதல் சோதனையிலேயே, பரம சாது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு நண்பர், தோல்வி தெரிந்த மறுகணம் போனை ஃபிளைட் மோடில் போட்டார். எதிரில் ஆடியவருக்குத் திரையில் ஒன்றுமே மாறவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, கேம் தொங்கிவிட்டது என்று மூடினார். சர்வர் அவரைத்தான் "வெளியேறியவர்" என்று குறித்துக்கொண்டது. ஜெயிக்க இருந்தவர் கணக்கில் தோல்வி ஏறியது, ஓடியவர் கணக்கில் வெற்றி.

சரி, நெட்டை அணைத்தவருக்கே தோல்வி என்று மாற்றினோம். பேருந்து கல்லாறு தாண்டி மலை ஏறும்போது சிக்னல் போகிறதே, அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? சர்வருக்கு இருவரும் ஒன்றுதான். பேசிக்கொண்டிருந்த போன் பேச்சை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எனவே 45 வினாடி அவகாசம் வைத்தோம். அதற்குள் திரும்பி வருபவருக்கு ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தெரிய வேண்டும். நடுவில் யாராவது போன் செய்து, ஆப் பின்னால் போய்விட்டால்? வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி (நெட்டில் போனின் விலாசம்) மாறினால்? அவகாசம் முடியும் அதே நொடியில் ஆள் திரும்பினால்? அப்புறம் இன்னொன்று: காய் நகர்த்த ஒருவருக்கு 30 வினாடி. அவர் 29.9வது வினாடியில் நகர்த்துகிறார். செய்தி சர்வருக்கு 30.1ல் வந்து சேர்கிறது. அவர் திரையில் ஆடு நகர்ந்துவிட்டது, சர்வரில் நகரவில்லை. யார் பேச்சை நம்புவது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, எழுதியதைச் சோதித்து, தப்பென்று தெரிந்து மறுபடி எழுதி முடிக்க நான்கு மாதம் ஆனது.

பெரிய கம்பெனிகள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன?

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2001 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது, வெளிவந்தது 2004 நவம்பர் 23 அன்று. அறிவிப்புக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. வாலரன்ட் என்ற சுடும் கேமை ரயட் நிறுவனம் 2014ல் தொடங்கியது. 2020 ஏப்ரலில் மூடிய பீட்டா (அழைத்தவர்களை மட்டும் வைத்துச் சோதனை), ஜூன் 2ல் வெளியீடு. ஃபோர்ட்நைட் 2011 டிசம்பரில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2017 ஜூலையில்தான் காசு கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. ஸ்டார் சிட்டிசனுக்கு 2012ல் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார்கள். ஆடக் கிடைக்கிறது, ஆனால் 1.0 என்ற எண்ணோடு முழு வெளியீடு இதை எழுதும் வரை வரவில்லை.

ஆறு வருடம் என்றதும் ஆறு வருடமும் நூற்றுக்கணக்கானவர்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக முதல் ஒன்றிரண்டு வருடம் ஒரு கைப்பிடி ஆட்கள் மாதிரிகளைச் செய்து பார்ப்பதும் தூக்கிப் போடுவதுமாக இருப்பார்கள். இதுதான் ஆட்டம் என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் சேரும், செலவும் ஏறும்.

ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் இரண்டே மாதத்தில் வந்ததாமே?

ஆமாம், பலரும் ஒரே களத்தில் இறங்கிக் கடைசியாக நிற்பவர் ஜெயிக்கும் அந்த ஆட்ட முறை 2017 செப்டம்பர் 26ல் வந்தது, ஏறத்தாழ இரண்டு மாத வேலை. ஆனால் மரத்தை வெட்டுவது, சுவர் எழுப்புவது, துப்பாக்கி, ஓட்டம், ஓவியம், சர்வர் எல்லாம் முந்தைய வருடங்களில் செய்து முடித்திருந்தவை. போதாததற்கு, அடியில் ஓடும் அன்ரியல் எஞ்சினும் (கேம் செய்ய உதவும் அடிப்படை மென்பொருள்) அதே எபிக் நிறுவனத்துடையது. கட்டிய வீட்டில் ஒரு அறையைக் கடையாக மாற்றினார்கள். புதிதாக மனை வாங்குகிறவர் அதைப் பார்த்து "இரண்டு மாதத்தில் முடித்துக்கொடு" என்று கொத்தனாரிடம் கேட்கக் கூடாது. எங்களிடம் பணம் போட வந்த ஒருவர் இதே உதாரணத்தைச் சொல்லித்தான் கேட்டார்.

பப்ஜி கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 2016ல் தொடங்கி 2017 மார்ச் 23ல் ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் முன்கூட்டிய விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் சொச்சம். ஆனால் பிரெண்டன் கிரீன் அந்த ஆட்ட முறையை அதற்கு முன்பே ஆர்மா என்ற போர் கேம்களை மாற்றி அவற்றுக்கு மேல் செய்து, வருடக்கணக்கில் ஆட்களை ஆடவைத்துப் பார்த்திருந்தார். வட்டம் சுருங்கினால் ஆட்டம் சூடு பிடிக்குமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் பப்ஜியைச் செய்த கொரிய நிறுவனத்தில் வேலை தொடங்கியது. அப்படியும் 1.0 என்று பெயர் சூட்டியது 2017 டிசம்பர் 20ல். நடுவில் இருந்த ஒன்பது மாதமும் சோதனைதான். காசு கொடுத்துச் சோதித்தவர்கள் நாம்.

ஆல்ஃபா, பீட்டா, சாஃப்ட் லாஞ்ச் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஆல்ஃபாவில் எல்லாப் பாகமும் பெயருக்காவது இருக்கும், ஓடும், விழும். உள்ளே இருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். பீட்டாவில் புதிதாகச் சேர்ப்பது பெரும்பாலும் நின்று, வெளி ஆட்கள் வருவார்கள். அழைத்தவர்கள் மட்டும் வந்தால் மூடிய பீட்டா, யாரும் வரலாம் என்றால் திறந்த பீட்டா. சில நிறுவனங்களுக்குத் திறந்த பீட்டா என்பது விளம்பரத்துக்கு இன்னொரு பெயர். அதை நான் சோதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாஃப்ட் லாஞ்ச் வேறு ரகம். கேமை உண்மையாகவே வெளியிடுவார்கள், ஆனால் ஒன்றிரண்டு நாடுகளில் மட்டும். இதற்கு நல்ல உதாரணம் பிரால் ஸ்டார்ஸ். ஃபின்லாந்தின் சூப்பர்செல் அதை 2017 ஜூனில் கனடாவில் இறக்கியது. போனைச் செங்குத்தாகப் பிடித்து ஆடும் கேமாக இருந்ததைக் கிடைமட்டமாக மாற்றினார்கள், கட்டுப்பாடுகளை மாற்றினார்கள், முன்னேறும் முறையையே கலைத்துப் போட்டார்கள். உலகம் முழுக்க வந்தது 2018 டிசம்பர் 12ல். பதினெட்டு மாதம் ஒரு கேமைத் திறந்து வைத்துக்கொண்டே பழுது பார்த்திருக்கிறார்கள். அதே நிறுவனம் கிளாஷ் குவெஸ்ட் என்ற கேமைச் சில நாடுகளில் விட்டுப் பார்த்து, 2022ல் ஊற்றி மூடிவிட்டது. சாஃப்ட் லாஞ்சின் இன்னொரு பயன் அது.

சோதனை என்றால் ஆடிப் பார்ப்பதுதானே? என் தம்பி நாள் முழுக்க கேம்தான் ஆடுகிறான். அவனுக்கு இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் ஒரே கதவை இருநூறு முறை திறந்து மூட அவனுக்குப் பொறுமை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

எங்களுக்கு வந்த ஒரு புகாரைச் சொல்கிறேன்: "சில சமயம் ஒரு ஆடு காணாமல் போகிறது." இவ்வளவுதான் எழுதியிருந்தது. எந்த போன், எப்போது, என்ன செய்தபோது, எதுவும் இல்லை. டெவலப்பர் தன் மேசையில் ஐம்பது ஆட்டம் ஆடிப் பார்த்தார்; ஆடுகள் சமர்த்தாக இருந்தன. "என் போனில் சரியாக இருக்கிறது" என்று மூடிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, எங்கள் சோதனைக்காரப் பெண் அலுவலகத்தின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டு, ஸ்கூட்டர் சாவியை ஒரு கையில் பிடித்தபடி ஆடினாள். அங்கே சிக்னல் ஒரு கோடு. ஆட்டை வைக்கத் தொட்டாள், திரையில் அசைவில்லை. எரிச்சலில் மறுபடி தொட்டாள். ஆடு வந்தது. கையிருப்பில் மட்டும் இரண்டு குறைந்திருந்தது.

மெதுவான நெட்டில் இரண்டு தொடுகையும் சர்வருக்குத் தனித்தனிச் செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சர்வர் இரண்டு ஆட்டைக் கழித்து, ஒரே புள்ளியில் வைத்திருக்கிறது. அலுவலக வைஃபையில் பதில் உடனே வந்துவிடுவதால் இரண்டாம் முறை தொட யாருக்கும் தோன்றவில்லை. திருத்தம் சின்னது: ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரிசை எண், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் கண்டுகொள்ளக் கூடாது. அரை நாள் வேலை. கண்டுபிடிக்கத்தான் இரண்டரை வாரம். இதே தவறு காசு கட்டும் பொத்தானில் இருந்திருந்தால் இருமுறை பணம் போயிருக்கும். அன்றிலிருந்து அடித்தளம்தான் எங்கள் சோதனைக்கூடம். நெட்டைச் செயற்கையாக மெதுவாக்கும் கருவிகளும் வைத்திருக்கிறோம், ஆனால் அந்தத் தூண் பக்கம் கிடைக்கும் மோசமான சிக்னலுக்கு ஈடில்லை.

சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்று வெளியிடுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பொய் ஆட்டக்காரர்களை எழுதி ஏவிவிட வேண்டும். ஒரு நிரல் ஆயிரம் ஆட்களைப் போல உள்ளே நுழையும், ஆடும், வெளியேறும். ஐந்தாயிரம் பொய் ஆட்களை எங்கள் சர்வர் சிரித்துக்கொண்டே தாங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்மையான அறுபது பேர் வந்தார்கள், படுத்துவிட்டது.

காரணம் பிறகு தெரிந்தது. பொய் ஆட்கள் ஒழுக்கமானவர்கள். ஆட்டம் முடிந்ததும் போய்விடுவார்கள். மனிதர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தரவரிசைப் பட்டியலைத் திறந்து "நான் எத்தனையாவது?" என்று பார்த்தார்கள். அந்தப் பட்டியலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடும்படி நான்தான் எழுதியிருந்தேன். விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்தினால், அறுபது போன்களும் ஒரே நொடியில் "நான் வந்துட்டேன்" என்று முட்டி மறுபடி சாய்த்தன. திரும்ப இணைவதற்கு முன் ஒவ்வொரு போனும் வெவ்வேறு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நான் படித்திருந்தேன். செய்யத்தான் மறந்திருந்தேன்.

பெரியவர்களுக்கும் இதே கதிதான். போக்கிமான் கோ 2016 ஜூலையில் வந்தபோது, சர்வருக்கு வரும் என்று எதிர்பார்த்த கூட்டம் 1 என்றால் மிக மோசமான நிலைக்கு 5 என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 50 என்று கூகுள் கிளவுட் குழுவினரே பிறகு எழுதினார்கள். டயாப்லோ 3 வெளிவந்த 2012 மே 15 அன்று, தனியாக ஆட நினைத்தவர்கள்கூட சர்வருக்குள் நுழைய முடியாமல் "பிழை 37" என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் பக்கம் லூடோ கிங் வந்தது 2016ல். 2020 ஊரடங்கில் வீடே கூடி ஆட ஆரம்பித்ததும் அதன் சர்வர்களும் திணறின.

இவ்வளவு சோதித்தும் பிழைகள் எப்படித் தப்பிக்கின்றன?

நூறு பேர் ஆறு மாதம் ஆடுவதை ஒரு லட்சம் பேர் முதல் மாலையிலேயே தாண்டிவிடுவார்கள். அதிலும் ஆட்டக்காரர்கள் நீங்கள் போட்ட பாதையில் நடப்பதில்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2005 செப்டம்பரில் நடந்தது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹக்கார் என்ற தலைமை அரக்கன் ஆட்டக்காரர்கள் மேல் ஒரு தொற்று நோயை ஏவுவான்; பக்கத்தில் நிற்பவருக்கும் ஒட்டும். சண்டை நடக்கும் இடத்தை விட்டு வெளியே வந்தால் நோய் போய்விடும் என்பது ஏற்பாடு. மனிதர்களைப் பற்றி யோசித்தவர்கள் வளர்ப்புப் பிராணியை மறந்துவிட்டார்கள். நோயோடு உள்ளே மறைத்து வைத்த பிராணியை நகரத்தின் நடுவில் அழைத்ததும் தொற்று அப்படியே வெளியே வந்தது. பலம் குறைந்த பாத்திரங்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள்; தெருவெல்லாம் எலும்புக்கூடு. சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள், சிலர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஆய்விதழ்களில் கட்டுரை எழுதும் அளவுக்குப் போனது. பிராணியை உள்ளே அனுப்பி வெளியே எடுத்துப் பார் என்று சோதனைப் பட்டியலில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். ஆனால் அந்த வரியை முன்கூட்டியே எழுதத் தோன்ற வேண்டுமே!

அல்டிமா ஆன்லைனின் பீட்டாவில், 1997 ஆகஸ்டில், அதைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டின் பாத்திரமான லார்ட் பிரிட்டிஷை ஒரு ஆட்டக்காரர் தீ வைத்துக் கொன்றுவிட்டார். அந்த அரசர் சாக முடியாதவர். சர்வர் விழுந்து எழுந்த பிறகு அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் போட மறந்திருந்தார்கள்.

லேக் வருவது நெட் மோசமாக இருப்பதாலா, கேம் மோசமாக இருப்பதாலா?

லேக் என்பது நீங்கள் தொட்டதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே வரும் தாமதம். இரண்டும் உண்டு, தூரமும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நூல் பிடித்தாற்போல் கம்பி போட்டாலும் செய்தி போய்வர 29 மில்லி வினாடி. அதற்குக் கீழே எந்தப் புரோகிராமரும் கொண்டுவர முடியாது. நடைமுறையில் இன்னும் கூடும். அதனால்தான் சுடும் கேம்கள் மும்பையில் சர்வர் வைக்கின்றன.

ஆடுபுலியில் கால் நொடி தாமதம் யாருக்கும் தெரியாது. வாலரன்ட் மாதிரிக் கேமில் சர்வர் நொடிக்கு 128 முறை உலகத்தைக் கணக்கிடுகிறது, அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒரு முறை. எதிரி சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் "நான் சுட்டேன்" என்று உங்கள் திரை சொல்லும். "நான் ஒளிந்துவிட்டேன்" என்று அவர் திரை சொல்லும். இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கும் வேலைதான் சுடும் கேமுக்கு வருடங்களைச் சேர்க்கிறது. துப்பாக்கி வரைவது சுலபம்.

ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தால் பாதி வேலை மிச்சம்: போன் சொல்வதை நம்பாதே. போன் "இங்கே தொட்டார்கள்" என்று மட்டும் சொல்லட்டும், முடிவை சர்வர் எடுக்கட்டும். நாங்கள் தினப் பரிசை போனின் தேதியைப் பார்த்துக் கொடுத்தோம். அடுத்த நாளே ஒரு பையன் தேதியை ஒவ்வொன்றாகத் தள்ளி அடுத்த வருடத் தீபாவளி வரை பரிசு வாங்கிவிட்டான். மீதிப் பாதி வேலைக்கு முடிவே கிடையாது.

யூனிட்டி, கோடாட், ஃபோட்டான் எல்லாம் இருக்கும்போது பாதி வேலை மிச்சம்தானே? இப்போது ஏஐயும் கோடு (நிரல்) எழுதுகிறதே?

யூனிட்டி, கோடாட் மாதிரி எஞ்சின்களாலும், போன்களை இணைக்கும் ஃபோட்டான் மாதிரிக் கருவிகளாலும் நிஜமாகவே மாதங்கள் மிச்சம். காயை வரைவது, ஓடவைப்பது, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் பில்டு (போனில் ஏற்றத் தயாரான பதிப்பு) எடுப்பது, இரண்டு போனைப் பேசவைப்பது எல்லாம் தயாராகக் கிடைக்கும். தோற்கப்போகிறவர் நெட்டை அணைத்தால் என்ன நியாயம் என்பதை எந்த எஞ்சினும் உங்களுக்காக முடிவு செய்யாது.

ஏஐ எழுதும் கோடை நாங்களும் பயன்படுத்துகிறோம். வேகமாக வருகிறது. வேகமாக வருவதால் சோதிக்க வேண்டியதும் வேகமாகக் குவிகிறது.

ஆளைக் கூட்டினால் சீக்கிரம் முடியுமா?

ஓவியத்துக்கும் சோதனைக்கும் ஓரளவு முடியும். சர்வருக்கு முடியாது. புதிதாக வருபவருக்கு ஏற்கெனவே இருப்பவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவரை இருவர் வேலையும் நிற்கும்.

எல்லாம் முடிந்துவிட்டது. பிளே ஸ்டோரில் ஏற்ற எத்தனை நாள்?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவரானால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்தாக வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்து, பிறகு 12 ஆக்கினார்கள். அதன் பிறகுதான் பொதுவெளியில் விட விண்ணப்பிக்கவே முடியும். நடுவில் ஒரு மாமா "போன்ல இடமில்லப்பா" என்று விலகிவிட்டால் எண்ணிக்கை குறையும். பதினைந்து பேராகச் சேர்த்து வையுங்கள். கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். டெஸ்ட்ஃபிளைட் என்ற ஆப்பிளின் சோதனைச் செயலி வழியாக வெளி ஆட்கள் 10,000 பேர் வரை சோதிக்கலாம், ஒவ்வொரு பில்டும் 90 நாளில் காலாவதி. தீபாவளிக்கு வெளியிட வேண்டுமானால் ஆடி முடிவதற்குள் சோதனைக்காரர்களைச் சேர்த்துவிடுங்கள்.

பணம் வைத்து ஆடும் கேமாகச் செய்தால்?

செய்யாதீர்கள். ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது.

வெளியிட்டதும் வேலை முடிந்ததா?

ஃபைனல் ஃபேன்டஸி 14ஐப் பாருங்கள். 2010 செப்டம்பர் 30ல் வெளிவந்து, ஆடியவர்கள் காறித் துப்பினார்கள். அந்த டிசம்பரிலேயே நவோகி யோஷிதா என்பவர் அந்தக் கேமின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பழைய கேமை ஓட்டிக்கொண்டே, அதற்குப் பின்னால் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். 2012 நவம்பரில் கதைக்குள்ளேயே நிலவு விழுந்து உலகம் அழிவதாகக் காட்டி, பழைய சர்வர்களை அணைத்தார்கள். புதிய பதிப்பு 2013 ஆகஸ்ட் 27ல் வந்தது. அப்போதும் கூட்டம் தாங்காமல் டிஜிட்டல் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தவேண்டி வந்தது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சோனியின் கான்கார்ட் வருடக்கணக்கில் செய்யப்பட்டு 2024 ஆகஸ்ட் 23ல் வந்தது, செப்டம்பர் 6ல் மூடி, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆட ஆளில்லை. பிழை இல்லாத கேமை யாரும் விரும்பாமல் போகலாம் என்பதற்கு எங்கள் சோதனைப் பட்டியலில் கட்டம் கிடையாது. நேர்மாறாக அமங் அஸ் 2018 ஜூனில் வந்து இரண்டு வருடம் சீந்துவாரின்றிக் கிடந்தது. 2020ல் நேரலையில் ஆடுபவர்கள் கையில் எடுத்ததும் உலகமே ஆடியது. அந்தச் சின்னக் குழு இரண்டாம் பாகத்தை அறிவித்து, உடனே கைவிட்டு, பழைய கேமையே பழுது பார்க்க உட்கார்ந்தது.

தமிழில் செய்தால் கூடுதலாக நாள் ஆகுமா?

ஆகும், யாரும் கணக்கில் வைக்காத நாள்கள். எஞ்சினின் எழுத்துக் கருவியில் "கொ" என்று எழுதினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று இடம் மாறி நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம். அப்புறம் பெயர்ப் பிரச்சினை. ஆட்டக்காரர் பெயருக்கு 12 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தோம். "சுப்பிரமணியன்" நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு உகரக் குறி, இகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. எண்ணிப் பார்த்தால் 13. கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு "சுப்பிரமணியன" என்று பலகையில் போட்டது. சோதனைக்கு வந்தவர்களில் மூன்று பேர் புகார் செய்தார்கள், மூவருமே தமிழாசிரியர்கள்.

அந்த ஆடுபுலி ஆட்டம் எப்போதுதான் வரும்?

மூடிய சோதனையில் இருக்கிறது. பதினான்கு நாளில் இன்று ஒன்பதாவது நாள். பன்னிரண்டு பேரில் ஒருவர் நேற்று போனை மாற்றிவிட்டார். அவரை மறுபடி உள்ளே இழுக்கத்தான் இப்போது போன் செய்துகொண்டிருக்கிறேன்.